பத்திர ஆபீஸ்ல பதிஞ்ச போலிப் பத்திரத்த அவங்களே ஏன் கேன்சல் பண்ண மாட்டேங்குறாங்க?

கேள்வி:

வணக்கம் சார். நான் மஸ்கட்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். 1994-ல எங்க அப்பா 2400 சதுர அடி மனை ஒண்ணு கிரயம் வாங்கினாரு, ஒரிஜினல் பத்திரம் இன்னைக்கும் அம்மாகிட்ட தான் இருக்கு. அப்பா 2016-ல தவறிட்டாரு. 2023 டிசம்பர்ல பட்டா மாத்தலாம்னு வில்லங்கம் போட்டு பாத்தா, அப்பா 2014-ல யாரோ ஒருத்தருக்கு பவர் எழுதி குடுத்த மாதிரியும், அந்த ஆளு 2019-ல ஒருத்தருக்கு வித்த மாதிரியும், அவரு 2023-ல இன்னொருத்தருக்கு வித்த மாதிரியும் வருது. அப்பா பவரே குடுக்கல. சார்பதிவாளர்கிட்ட கேட்டா எனக்கு அதிகாரம் இல்ல, மாவட்டப் பதிவாளர பாருங்கன்னாரு. அங்க மனு குடுத்தோம், ரெண்டு தடவை விசாரணைக்கு கூப்பிட்டாங்க, அப்புறம் ஹைகோர்ட் தீர்ப்பு வந்துருச்சு, இனி சிவில் கோர்ட்டுக்கு போங்கன்னு மனுவ திருப்பிட்டாங்க. எங்க சித்தப்பா, நீயே ஒரு ரத்துப் பத்திரம் எழுதி பதிஞ்சுடுன்றாரு. ஒரு புரோக்கர் 2 லட்சம் குடுத்தா ஆபீஸ்லயே முடிச்சு தரேன்றாரு. வாங்கினவங்க இப்ப முள்கம்பி வேலி போட்டுட்டாங்க. அவங்க சீல் குத்தி பதிஞ்ச பத்திரத்த அவங்களே ரத்து பண்ண முடியாதுன்னா என்ன சார் நியாயம் இது?

பதில்:

வணக்கம் சகோதரி. உங்க கோவம் நியாயமானது தான், என்கிட்ட வர்ற நெலத்து கேஸ்ல பாதி பேரு இதே வார்த்தைய தான் கேக்குறாங்க, அவங்க தானே பதிஞ்சாங்க அவங்களே எடுக்க வேண்டியது தானேன்னு. ஆனா மாவட்டப் பதிவாளர் உங்கள ஏமாத்தல, அவரு சொன்னது சரி. அது ஏன் சரின்னு முதல்ல சொல்லிடுறேன், அது புரிஞ்சா தான் அடுத்து எங்க போய் நிக்கணும்னு புரியும், அதோட ஒரு அவசரமும் இருக்கு, அத கடைசி வரைக்கும் படிச்சுடுங்க.

சார்பதிவாளர் பத்திரத்த பதியும்போது அந்த நெலம் யாரோடதுன்னு தீர்ப்பு சொல்றது இல்ல. 1908-ம் வருஷத்து பதிவுச் சட்டத்துல பிரிவு 34 அவருகிட்ட கேக்குறது கொஞ்சம் தான்: எழுதிக் குடுத்தவரு நேர்ல வந்து, ஆமா நான் தான் எழுதினேன்னு ஒத்துக்கிறாரா, வந்தவரு அவரு தானா, வேற ஒருத்தருக்காக வந்திருந்தா அதுக்கு அதிகாரம் இருக்கா. அவ்ளோ தான். தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி நெனச்சுக்கோங்க, இந்தத் தேதில இந்த ஆபீஸ் வழியா இந்தக் காகிதம் போச்சுன்னு அது சொல்லும், உள்ள எழுதினது உண்மையான்னு சொல்லாது. அந்த சீலுக்கு அவ்ளோ சக்தி இல்லாததால தான் அந்த சீல எடுக்குறதாலயும் உங்க நெலம் உங்களுக்கு வந்துராது.

இன்னொரு பக்கமும் யோசிச்சு பாருங்க. பதிஞ்ச பத்திரத்த ஆபீசரே ரத்து பண்ணலாம்னு இருந்தா உங்க அப்பாவோட 1994 பத்திரத்தையும் நாளைக்கு ஒரு மனு வாங்கிட்டு யாராவது ரத்து பண்ணிடலாம். நெலத்த சுருட்ட தெரிஞ்சவனுக்கு ஒரு மனு எழுதி தள்ளவும் தெரியும், நீங்க மஸ்கட்ல இருக்கீங்க, நோட்டீஸ் பழைய அட்ரஸ்க்கு போய் திரும்பி வந்துரும், ஆள் வரலன்னு எழுதி ஆர்டர் போட்டா முடிஞ்சுது. அதனால இந்த வரம்பு உங்களுக்கு இன்னைக்கு இடைஞ்சலா தெரிஞ்சாலும் உங்க பத்திரத்துக்கும் அது தான் பாதுகாப்பு.

இது சுப்ரீம் கோர்ட் ஏற்கனவே சொன்ன விஷயம் தான். சத்ய பால் ஆனந்த்னு ஒரு மத்தியப் பிரதேச வழக்கு, 2016-ல தீர்ப்பு. அதுவும் கிட்டத்தட்ட உங்க கதை தான், அம்மா பேர்ல ஒரு ஹவுசிங் சொசைட்டி மனை, சொசைட்டி தன்னிச்சையா ஒரு ரத்துப் பத்திரம் பதிஞ்சு மனைய வேற ஆளுக்கு குடுத்துருச்சு, மகன் வந்து பதிவாளர்கிட்ட அந்தப் பத்திரங்கள ரத்து பண்ணுங்கன்னு கேட்டாரு. பதிவாளரோட வேலை நிர்வாக வேலை தான், ஒரு தடவ பதிஞ்சதுக்கு அப்புறம் அத திருப்பி எடுக்குற அதிகாரத்த சட்டம் அவருக்கு குடுக்கல, வேணும்னா சிவில் கோர்ட்டுக்கு போங்கன்னு சொல்லிட்டாங்க.

அப்ப மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல எதுக்கு உங்க மனுவ வாங்கினாங்க, எதுக்கு ரெண்டு தடவ கூப்பிட்டாங்கன்னு கேப்பீங்க. அது நம்ம தமிழ்நாட்டுக்குன்னு வந்த ஒரு கதை. ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம் ரொம்ப அதிகமாகி போனதால 2011 வாக்குலயே பதிவுத்துறைத் தலைவர், அதான் ஐஜி, ஒரு சுற்றறிக்கை போட்டாரு, மோசடி பத்திர புகார மாவட்டப் பதிவாளர் விசாரிக்கலாம்னு. சுற்றறிக்கைய வச்சு எவ்ளோ தூரம் போக முடியும், சட்டத்துல இல்லாத அதிகாரத்த சுற்றறிக்கை குடுக்க முடியாதுல்ல, கோர்ட்ல அது மாட்டிக்கிட்டே இருந்துச்சு. அதனால 2022-ல சட்டத்தையே திருத்தினாங்க. 22-பி-ன்னு ஒண்ணு, போலிப் பத்திரம், சட்டம் தடுக்குற பரிவர்த்தனை, ஜப்தில இருக்குற சொத்து இதெல்லாம் வந்தா பதியவே கூடாதுன்னு. கூடவே 77-ஏ, அப்படி பதிஞ்சுட்டா மாவட்டப் பதிவாளர் விசாரிச்சு ரத்து பண்ணலாம்னு. 2022 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்துச்சு. ஒவ்வொரு மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்லயும் மனு மலையா குவிஞ்சுது. கோர்ட் ஃபீஸ் இல்ல, வருஷக்கணக்குல வாய்தா இல்ல, ஜனங்க போகத்தான் செய்வாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது.

ஆனா நடந்தது என்னன்னா, இருபது வருஷம் முப்பது வருஷத்துக்கு முந்தின பத்திரத்துக்கெல்லாம் மனு வர ஆரம்பிச்சுது, பாகப்பிரிவினை தகராறு, அண்ணன் தம்பி சண்டை எல்லாத்தையும் போலிப் பத்திரம்னு பேர் வச்சு உள்ள கொண்டாந்தாங்க, கையெழுத்து போலியா இல்லையான்னு ஒரு ஆபீசர் சாட்சி குறுக்கு விசாரணைன்னு எதுவும் முழுசா இல்லாம ரெண்டு மூணு ஹியரிங்ல முடிவு பண்ண வேண்டியதா போச்சு. 2024 ஜூலைல சென்னை ஹைகோர்ட் ரெண்டு ஜட்ஜ் அமர்வு 77-ஏ அரசியல் சாசனத்துக்கு விரோதம், செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அந்த தீர்ப்ப தான் உங்ககிட்ட சொல்லி மனுவ திருப்பியிருக்காங்க. இந்த மாதிரி விஷயத்துல மேல்முறையீடு, இடைக்கால உத்தரவுன்னு நெலமை மாறிக்கிட்டே இருக்கும், அதனால நீங்க கேஸ் போடுற அன்னைய தேதிக்கு என்ன நெலமைன்னு உங்க வக்கீல பாத்துக்க சொல்லுங்க, ஆனா அத எதிர்பாத்து கேஸ் போடாம உக்காந்திருக்காதீங்க.

இத படிக்கிற வேற சிலர் 77-ஏ-ல ஏற்கனவே ஆர்டர் வாங்கி பீரோல வச்சிருப்பீங்க. அந்த ஆர்டர மட்டும் நம்பி அந்த எடத்த விக்கவோ வீடு கட்டவோ ஆரம்பிக்காதீங்க, ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

அதே கோட்டுல இன்னொண்ணு. 55-ஏ-ன்னு ஒரு விதி 2022-ல கொண்டாந்தாங்க, மூலப்பத்திரம் ஒரிஜினல காட்டினா தான் பதிவு, வில்லங்கம் தெளிவா இருக்கணும்னு. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்த விதிய தூக்கிடுச்சு, விக்கிறவருக்கு உரிமை இருக்கா இல்லையான்னு பாக்குறது சார்பதிவாளரோட வேலையே இல்லன்னு. எனக்கு தனிப்பட்ட முறையில அந்த விதி மேல ஒரு ஆசை இருந்துச்சு, ஒரிஜினல் கேட்டிருந்தா உங்க 2019 பத்திரம் மாதிரி பல பத்திரம் மேசைலயே நின்னுருக்கும், உங்க அம்மாகிட்ட தானே ஒரிஜினல் இருக்கு. ஆனா சட்டம் குடுக்காத அதிகாரத்த விதி போட்டு எடுத்துக்க முடியாதுங்கிறது சரியான வாதம், அத மறுக்க முடியல.

சரி, சித்தப்பா சொன்ன ரத்துப் பத்திரம். வேண்டாம். பெரியவங்க இத அடிக்கடி சொல்லுவாங்க, ஒரு காலத்துல நடந்தும் இருக்கு, வித்தவரே திரும்பி வந்து வித்தத ரத்து பண்றேன்னு ஒரு பத்திரம் பதிஞ்சுட்டு போவாரு, வாங்கினவருக்கு தெரியவே தெரியாது. 2011-ல லத்தீப் எஸ்டேட் வழக்குல சென்னை ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச், கிரயத்த ஒருத்தரே தன்னிச்சையா ரத்து பண்ண முடியாது, வாங்கினவரும் சேந்து கையெழுத்து போட்டா தான்னு சொல்லிடுச்சு. 2022-ல சசிகலா வழக்குல இன்னொரு ஃபுல் பெஞ்ச் செட்டில்மெண்டுக்கும், அதான் காசு வாங்காம சொந்தத்துக்கு எழுதி குடுக்குற பத்திரத்துக்கும், அத நீட்டிச்சுது. பதிவுச் சட்டம் 22-ஏ-லயும் இது இருக்கு, அந்தக் கிரயத்துல உரிமை கேக்குறவரோட சம்மதம் இல்லாத ரத்துப் பத்திரத்த பதியக்கூடாதுன்னு. அதுவும் உங்க கேஸ்ல நீங்க அந்த 2019 பத்திரத்துல ஒரு பார்ட்டியே இல்ல, எழுதிக்குடுத்தவங்களும் இல்ல வாங்கினவங்களும் இல்ல, நீங்க எதை ரத்து பண்ணுவீங்க? ஏதோ ஒரு ஆபீஸ்ல கண்ண மூடிக்கிட்டு பதிஞ்சாலும் வில்லங்கத்துல இன்னொரு குப்பை சேரும், எதிர்த்தரப்பு வக்கீல் அத காட்டி பாருங்க இவங்களும் சட்டத்த கைல எடுத்தாங்கன்னு சொல்லுவாரு. தனிப்பட்ட முறையில ஒருத்தரா ரத்து பண்ண முடியுறது உயில், அப்புறம் பவர். பவர் குடுத்தவரு உயிரோட இருக்கறப்ப.

செட்டில்மெண்ட் பத்தி சொன்னதால கேள்வி வரும், வயசான அப்பா அம்மா பிள்ளைக்கு எழுதி குடுத்தத ஆர்டிஓ ரத்து பண்றாரே, அது எப்படின்னு. அது 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் பிரிவு 23, பாத்துக்குறேன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு பாத்துக்கலன்னா அந்தத் தீர்ப்பாயம் அத செல்லாதுன்னு சொல்லலாம். அந்த அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு, பத்திர ஆபீஸ்க்கு இல்ல. உங்க கேஸ்க்கு அது பொருந்தாது.

புரோக்கர். 2 லட்சம் வாங்கிட்டு அவரு என்ன தருவாருன்னு யோசிங்க. ரத்து ஆர்டரா? போட அதிகாரம் இல்லாத ஆபீசர் போட்ட ஆர்டர், வாங்கினவரு ஹைகோர்ட்ல ஒரு ரிட் மனு போட்டா நிக்காது. வில்லங்கத்துல எண்ட்ரிய காணாம பண்றேன்றாரா? அது குத்தம், மாட்டினா காசு குடுத்த நீங்களும் உள்ள. போலிப் பத்திரத்தால பாதிக்கப்பட்ட ஆள் நீங்க, கோர்ட்ல உங்க பெரிய பலமே அது தான், அத 2 லட்சம் குடுத்து தொலைச்சுடாதீங்க.

இப்ப செய்ய வேண்டியது. முதல் வேலை, மூணு பத்திரத்துக்கும், 2014 பவர், 2019 கிரயம், 2023 கிரயம், சான்றிட்ட நகல் வாங்குங்க. வில்லங்கத்துல நம்பர் இருக்கும், ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். நெறைய பேரு வில்லங்கத்த மட்டும் கைல வச்சுக்கிட்டு அலையுறாங்க, பத்திரத்த பாக்குறதே இல்ல, ஆனா கேஸ் ஜெயிக்கிற விஷயம் எல்லாம் பத்திரத்துக்குள்ள தான் இருக்கும். பவர் நகல் வந்தவுடனே அதுல ஒட்டியிருக்கற போட்டோவ பாருங்க. அது உங்க அப்பாவா? இல்லன்னா ஆள்மாறாட்டம், கதை பாதி முடிஞ்சுது. போட்டோ அப்பாவோடதா இருந்தா கொஞ்சம் நிதானமா யோசிக்கணும், அப்பா உங்களுக்கு சொல்லாம ஏதோ ஒரு கடனுக்கு பவர் குடுத்திருக்கலாம், அப்படி குடுத்த அப்பாக்களையும் நான் பாத்துருக்கேன், வாதம் அப்ப முழுசா வேற மாதிரி போகும். இத இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லது, கோர்ட்ல கூண்டுல நிக்கிறப்ப தெரிய வேண்டாம்.

சாட்சி போட்ட ரெண்டு பேர் யாரு, பத்திரம் எழுதினவர் யாரு, ஸ்டாம்ப் பேப்பர் யார் பேர்ல எந்தத் தேதில வாங்கியிருக்கு, இதெல்லாம் பாருங்க. 2019 பத்திரத்துல முக்கியமா ஒண்ணு, பவர் ஏஜென்ட் விக்கிறப்ப பவர் குடுத்தவர் உயிரோட இருக்காருன்னு லைஃப் சர்ட்டிஃபிகேட் வச்சிருக்கணும். உங்க அப்பா 2016-லயே தவறிட்டாரு, 2019-ல அவரு உயிரோட இருக்காருன்னு ஒரு டாக்டர் எழுதி குடுத்திருந்தா அந்தக் காகிதம் ஒண்ணு போதும், எதிர்த்தரப்புக்கு பதில் சொல்ல முடியாது. அப்படி எதுவுமே வைக்கலன்னா எப்படி பதிஞ்சாங்கன்னு அடுத்த கேள்வி. அப்பாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டையும் அதோட சேத்து வையுங்க.

அடுத்தது கைரேகை. பதிவு ஆபீஸ்ல எழுதிக் குடுக்குறவரோட ரேகைய பதிவேட்டுல வாங்குவாங்க. 2014 பவருக்கு வச்ச ரேகை அங்க இருக்கும், அத ஒப்பிட அப்பா நிஜமா வச்ச ரேகை ஒண்ணு வேணும். 1994-ல அப்பா வாங்கின பார்ட்டி, அதனால அந்தப் பத்திரத்துக்கு வித்தவரோட ரேகை தான் இருக்க வாய்ப்பு, அப்பாவோடது இருக்காது. அப்பா எப்பவாவது வேற எடத்த வித்திருந்தா, அடமானம் போட்டிருந்தா, சாட்சியா போயிருந்தா கையெழுத்தாவது கெடைக்கும், அதயெல்லாம் வீட்டுல தேடுங்க, பேங்க் ஃபாரம், பென்ஷன் பேப்பர் எதுவா இருந்தாலும் சரி, 2014-க்கு கிட்டத்துல போட்ட கையெழுத்தா இருந்தா ரொம்ப நல்லது, வயசாக வயசாக கையெழுத்து மாறும்ல. ஒப்பிட சொல்லி கோர்ட் மூலமா தான் நிபுணருக்கு அனுப்பணும், நீங்களா ஒரு தனியார் ஆள்கிட்ட ரிப்போர்ட் வாங்கினா பெருசா மதிப்பு இருக்காது.

இப்ப நான் முன்னாடி சொன்ன அவசரம். லிமிடேஷன், அதான் கேஸ் போட சட்டம் வச்சிருக்கற கெடு. பத்திரத்த ரத்து பண்ண கேக்குற கேஸுக்கு விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம், உரிமைய விளம்ப, அதாவது இது எங்களோடதுன்னு கோர்ட் அறிவிக்க கேக்குற கேஸுக்கும் 3 வருஷம். உங்களுக்கு தெரிஞ்சது 2023 டிசம்பர், அப்ப 2026 டிசம்பரோட மேலோட்டமா முடியுது. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல அலைஞ்ச மாசத்தையெல்லாம் கழிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, லிமிடேஷன் சட்டம் பிரிவு 14 அந்த சலுகைய தப்பான கோர்ட்டுக்கு போனவங்களுக்கு தான் நேரடியா குடுக்குது, மனு குடுத்துட்டு ஆபீஸ் வாசல்ல காத்திருந்தத அப்படியே அதுல ஏத்த முடியுமான்னு சண்டை போட வேண்டி வரும். எதிர்த்தரப்பு இன்னும் ஒரு படி மேல போய், இவங்களுக்கு 2019-லயே தெரியும், ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, மனைக்கு பக்கத்துலயே வீடுன்னு சொல்லும். போலிப் பத்திரம்னா பொறந்த நாள்ல இருந்தே செல்லாது, அத ரத்து பண்ணவே தேவையில்ல, உரிமைய வச்சு நெலத்த திருப்பி கேக்குற கேஸுக்கு 12 வருஷம்னு எங்க பக்கமும் நல்ல வாதம் இருக்கு, கோர்ட்டுகள் அத ஏத்தும் இருக்கு. ஆனா வாதம் கைல இருக்குங்கிறதுக்காக கெடுவ தாண்டி போய் நிக்க சொல்ற வக்கீல நம்பாதீங்க. எனக்கு இதுல வர்ற பெரிய வருத்தம் என்னன்னா, ஜனங்க தோக்குறது பெரும்பாலும் போலி ரொம்ப நல்லா பண்ணியிருக்குங்கிறதால இல்ல, மனு மனுவா குடுத்துக்கிட்டே இருந்து நாள் போயிடுறதால.

கேஸ் எப்படி கேக்கணும்னா, இது உங்க வக்கீல் எழுதுறது தான் ஆனா உங்களுக்கும் தெரியணும், நீங்க அந்தப் பத்திரத்த எழுதிக் குடுத்தவங்க இல்ல. எழுதிக் குடுத்தவங்க கேட்டா ரத்து, மத்தவங்க கேட்டா இது எங்கள கட்டுப்படுத்தாது செல்லாதுன்னு விளம்புகை, இந்த வித்தியாசத்த 2010-ல சுஹ்ரித் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா பிரிச்சு சொல்லியிருக்கு. அப்பா பேர்ல பவர் இருக்கறதால அவரோட வாரிசா நீங்க எந்தப் பக்கம் வருவீங்கன்னு எதிர்த்தரப்பு நோண்டும், அதனால பவர் போலின்னு தெளிவா பிராதுல, அதான் கேஸ் மனுல, சொல்லி, அப்பாவோட வாரிசுகளா மனை எங்களோடதுன்னு விளம்பணும், மூணு பத்திரமும் செல்லாது எங்கள கட்டுப்படுத்தாதுன்னு விளம்பணும், வேலி போட்டுட்டதால சுவாதீனத்த, அதாவது மனைய எங்க கைவசம், திருப்பி தரணும், மேற்கொண்டு விக்கவோ கட்டவோ கூடாதுன்னு தடை, இவ்ளோவும் ஒரே கேஸ்ல கேக்கணும். சுவாதீனம் கேக்காம விளம்புகை மட்டும் கேட்டா குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 34-ஐ காட்டி கேஸ தள்ளிடுவாங்க, வேலி விஷயத்துல இது முக்கியம். அம்மா, நீங்க, கூடப் பொறந்தவங்க எல்லாரும் வாதியா வரணும், வராதவங்கள பிரதிவாதியாவாவது சேக்கணும்.

செலவு கேப்பீங்க. தமிழ்நாட்டுல 2017-க்கு அப்புறம் கோர்ட் ஃபீஸ் நூத்துக்கு 3 ரூபா, அதுக்கு முன்னாடி ஏழரை ரூபாயா இருந்துச்சு. விளம்புகையும் சுவாதீனமும் சேத்து கேட்டா மனையோட மார்க்கெட் மதிப்பு முழுசுக்கும் ஃபீஸ், மனை 15 லட்சம்னா 45,000 ரூபா. வேலி போடுறதுக்கு முன்னாடி வந்திருந்தா விளம்புகையும் தடையும் மட்டும் கேட்டு பாதி மதிப்புக்கு கட்டியிருக்கலாம். புரோக்கர் கேட்ட காசோட இத வச்சு பாருங்க.

ஒரு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க, சார்பதிவாளர் மேல இருக்கற கோவத்துல அவரையும் பிரதிவாதியா சேப்பாங்க. சேத்தா சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80 வந்து நிக்கும், அரசு அதிகாரிக்கு ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுக்கணும் இல்ல கோர்ட்டுல தனியா அனுமதி வாங்கணும். உங்களுக்கு நாள் முக்கியம். அவரு உங்க கேஸ்க்கு எதிரி இல்ல, சாட்சி. ரேகைப் பதிவேடு, பத்திர நகல் எல்லாம் சம்மன் அனுப்பி கொண்டாற வச்சுக்கலாம். நல்லெண்ணத்துல பதிஞ்சேன்னு சொன்னா பதிவுச் சட்டம் 86 அவருக்கு பாதுகாப்பு குடுக்குது, அவரு அதுக்கு வெளிய போனாருன்னு காட்ட உங்ககிட்ட ஆதாரம் இருந்தா அது தனியா பாக்க வேண்டிய விஷயம்.

கேஸ் போட்டவுடனே இடைக்காலத் தடை கேளுங்க. தடை கெடைக்கிறதுக்குள்ள 2023-ல வாங்கினவரு மூணாவது ஆளுக்கு வித்தாலும் சொத்து மாற்றுச் சட்டம் 52 இருக்கு, கேஸ் நடக்குறப்ப வாங்கினவரு தீர்ப்புக்கு கட்டுப்பட்டவரு. கேஸ் நம்பர், பிராது நகல சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு ஆட்சேபனை மனுவோட குடுத்து ஒப்புதல் வாங்கிக்கோங்க, அது பதிவ தடுத்துரும்னு உத்தரவாதம் இல்ல, கோர்ட் ஆர்டர் இல்லாம வெறும் கேஸ் இருக்குங்கிறதுக்காக பதிய மாட்டேன்னு அவரு சொல்ல முடியாது, ஆனா பின்னாடி எனக்கு தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாதபடி ஆயிடும். வில்லங்கத்துல 2023-க்கு அப்புறம் பேங்க் அடமானம் ஏதாவது ஏறியிருக்கான்னும் பாருங்க, ஏறியிருந்தா அந்த பேங்கையும் பிரதிவாதியா சேக்கணும், இல்லன்னா அவங்க ஏலத்துக்கு போயிடுவாங்க.

2023-ல வாங்கினவரு நல்லவரா கூட இருக்கலாம், காசு குடுத்து வாங்கியிருப்பாரு. அதனால அவருக்கு உரிமை வந்துராது, வித்தவனுக்கே இல்லாதத அவன் குடுக்க முடியாது. ஆனா அவரு தன்ன ஏமாத்தினவன் மேல திரும்பினா உங்களுக்கு லாபம், சில கேஸ்ல வாங்கினவரே உண்மைய பாத்துட்டு காச திருப்பி வாங்கிட்டு எல்லாரும் சேந்து கையெழுத்து போட்டு ரத்துப் பத்திரம் பதிஞ்சிருக்காங்க, அப்படி எல்லாரும் சம்மதிச்சா பத்திர ஆபீஸ்லயே பதியலாம். அதுக்காக முதல் வக்கீல் நோட்டீஸ்லயே அவர திட்டி எழுத வேண்டாம்.

போலீஸ் பக்கம், மாவட்டக் குற்றப்பிரிவுல நில அபகரிப்பு பிரிவு இருக்கு, பத்திர நகல், இறப்புச் சான்றோட புகார் குடுங்க. 2014, 2019-ல நடந்தது பழைய ஐபிசில, அதான் இந்திய தண்டனைச் சட்டத்துல தான் வரும், 420, 467, 468, 471 இதெல்லாம், 2024 ஜூலைக்கு அப்புறம் நடந்ததுக்கு தான் புது சட்டம். பதிவு ஆபீஸ்ல பொய் சொன்னதுக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் பதிவுச் சட்டம் 82-ல 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, அந்த வழக்கு போட பதிவாளர், சார்பதிவாளருக்கு பிரிவு 83-ல அதிகாரம் இருக்கு. பாருங்க, ரத்து பண்ண முடியாதுன்னாரே தவிர புகார் குடுக்க முடியாதுன்னு சட்டம் சொல்லல, அத கேட்டு ஒரு மனு எழுத்துல குடுங்க. ஆனா ஒண்ணு, போலி பண்ணினவன் ஜெயிலுக்கே போனாலும் பத்திரம் அப்படியே தான் நிக்கும், அதுக்கு சிவில் தீர்ப்பு வேணும்.

தீர்ப்பு வந்தா அப்ப தான் பத்திர ஆபீஸ்க்கு வேலை. பத்திரம் செல்லாதுன்னு கோர்ட் சொன்னா அந்த டிகிரி (தீர்ப்பாணை) நகல பதிவு ஆபீஸ்க்கு அனுப்பணும், அவங்க தங்களோட புத்தகத்துல அந்தப் பத்திரத்துக்கு எதிர்ல குறிக்கணும், குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 31-ல அப்படி இருக்கு, பிராதுலயே இதையும் கேட்டுடுங்க. டிகிரிய நீங்களும் தனியா பதிஞ்சுடுங்க, நாலு மாசத்துக்குள்ள பண்ணிட்டா கவுண்டர்ல லேட்டுன்னு யாரும் பேச முடியாது. பட்டா தாசில்தார்கிட்ட அதுக்கு அப்புறம் பேசிக்கலாம், இப்ப பட்டா வாங்கினவரு பேருக்கு மாறியிருந்தாலும் பயப்படாதீங்க, பட்டா உரிமைய குடுக்காது, ஆனா மாறலன்னா மாத்தக்கூடாதுன்னு ஒரு ஆட்சேபனை மனு இப்பவே குடுத்து வையுங்க.

நீங்க மஸ்கட்ல இருக்கறதால ஒவ்வொரு வாய்தாக்கும் வர முடியாது. அம்மாவுக்கோ தம்பிக்கோ கேஸ் நடத்த மட்டும் ஒரு ஸ்பெஷல் பவர், அங்க இந்தியத் தூதரகத்துல கையெழுத்து போட்டு அனுப்புங்க, இந்தியா வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள இங்க ஸ்டாம்ப் கட்டிடணும், விட்டுட்டா அபராதம். விக்கிற அதிகாரம், கடன் வாங்குற அதிகாரம் எதையும் அதுல எழுதாதீங்க, ஸ்டாண்டர்டு ஃபார்மட்னு யாராவது குடுத்தா வரிவரியா படிச்சு அந்த வரிகள அடிச்சுட்டு கையெழுத்து போடுங்க. அப்புறம் வக்கீல பாக்க அம்மா போறப்ப 1994 ஒரிஜினல் பத்திரத்த எடுத்துக்கிட்டு போய் காட்டலாம், குடுத்துட்டு வரக் கூடாது. ஜெராக்ஸ் குடுத்தா போதும், ஒரிஜினல் சாட்சி விசாரணை அன்னைக்கு கோர்ட்ல மார்க் பண்றப்ப குடுத்தா போதும்.